மானியமும் மனச்சான்றும்: அருட்தந்தை ஜெரோம் டிசூசாவின் வாழ்வு தரும் பாடம்



அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் தாளாளராக நாம் சில ஆண்டுகள் பணியாற்றியதுண்டு. ஓராண்டு சூன் மாதம், சேர்க்கை முடிந்த ஓரிரு நாட்களில், ஒரு தாய் அலுவலகத்திற்கு வந்தார். ஷூ கம்பெனியில் வேலை செய்பவர். வீட்டில் உருது பேசும் குடும்பம். மதிய இடைவேளையில் ஓடி வந்ததால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் தம் மகள் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மற்றப் பிள்ளைகளோடு கோவிலுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா என்பதே அவர் கேட்ட கேள்வி. கேட்டதில் கோபம் இல்லை. கொஞ்சம் பயம்தான் இருந்தது.

இது இப்பள்ளியின் நெடுநாளைய வழக்கம், எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள், இதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று நாம் பதில் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அன்று நாம் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் மொத்தத்தில் அது தவறான பதில். அது தவறு என்று நமக்கு உணர்த்தியது, பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு குருவின் வாழ்வு. அந்த வாழ்வையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பாலாற்றங்கரையின் பள்ளிகள்

நாம் வாழும் பகுதியை முதலில் எண்ணிப் பார்ப்போம். இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டியே தோல் தொழில் வளர்ந்தது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், தோல் மணக்கும் இந்த ஊர்களின் வாழ்வு இன்னும் ஒன்றாகவே பின்னிக் கிடக்கிறது. தோலோடு சேர்ந்து இங்கே வளர்ந்த மற்றொன்று பள்ளிக்கூடம். தோல் வணிகத்தில் பொருளீட்டிய இஸ்லாமியப் பெருமக்கள் தம் மக்களுக்காகக் கல்விச் சங்கங்களை அமைத்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும், 1965-இல் எழுந்த மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் அந்த ஆர்வத்தின் கனிகள். வேலூரில் அமெரிக்க ஆற்காடு மிஷன் வளர்த்த ஊரிசுக் கல்லூரி 1898 முதல் நிற்கிறது. ஆம்பூரில் லுத்தரன் சபையாரின் கன்கார்டியா பள்ளி இருக்கிறது. திருப்பத்தூரில் சலேசிய சபையார் 1951-இல் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினார்கள். காட்பாடியில் சலேசியக் கன்னியர் ஆக்சீலியம் கல்லூரியை உருவாக்கினார்கள். இவற்றைத் தவிர, நம் பங்குகளில் கோவிலை ஒட்டிய சிறு தொடக்கப் பள்ளிகள் எத்தனையோ உள்ளன.

இப்படிச் சமயக் குழுக்கள் நடத்தும் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர்களுக்கு ஊதியம் கொடுப்பது அரசு. கட்டடம் நம்முடையது, நிர்வாகம் நம்முடையது, ஊதியப் பணமோ பொதுமக்களின் வரிப்பணம். இங்கேதான் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எல்லாச் சமயத்தாரும் கட்டும் வரிப்பணம் ஒரு சமயத்தார் நடத்தும் பள்ளிக்கு ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நம் பள்ளியை நாம் நடத்தும்போது அரசு ஏன் தலையிட வேண்டும் என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். இந்திய நாடு இவற்றுக்கு ஒரு விடையைக் கண்டது. அந்த விடை உருவான அவையில் ஒரு கத்தோலிக்கக் குருவும் அமர்ந்திருந்தார்.

மங்களூரிலிருந்து திருச்சிக்கு

ஜெரோம் டிசூசா 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மங்களூரில் தொடங்கிய கல்வி திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் தொடர்ந்தது. ஆங்கில இலக்கியம் அவருக்குப் பிடித்த துறை. 1921-இல் இயேசு சபையில் சேர்ந்தார். ஐரோப்பாவில் இறையியல் பயின்று, 1931-இல் குருவானார். திரும்பி வந்து திருச்சியில் கல்விப் பணியாற்றினார். 1942 முதல் 1950 வரை சென்னை லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்தார். பிறப்பால் தமிழர் அல்லர் என்றாலும், அவர் வாழ்வின் சிறந்த ஆண்டுகள் பல தமிழ் மண்ணில்தான் கழிந்தன.

திருச்சிக் கல்லூரியையும் லயோலாவையும் நிறுவியவர்கள் பிரான்சு நாட்டு இயேசு சபையார். அந்நாட்டில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் துறவற சபைகள் பள்ளிகளில் கற்பிப்பதையே தடுத்தது. எத்தனையோ பள்ளிகள் மூடப்பட்டன, துறவியர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். அடுத்த ஆண்டு, 1905-இல், திருச்சபையும் அரசும் சட்டப்படி பிரிக்கப்பட்டன. பிரிவினை என்ற சொல் அங்கே பலருக்குப் பூட்டிய பள்ளியாகவே காட்சி தந்தது. இத்தகைய ஆசிரியர்களின் கையில் வளர்ந்தவருக்கு, திருச்சபைக்கும் அரசுக்கும் இடையிலான உறவு வெறும் பாடநூல் செய்தியாக இருந்திருக்க முடியாது.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவிலோ நிலைமை வேறு. 1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை மானிய முறைக்கு வழி வகுத்தது. நல்ல பொதுக்கல்வி தரும் பள்ளியாக இருந்தால் போதும், அங்கே எந்தச் சமயம் போதிக்கப்படுகிறது என்று பார்க்காமல் அரசு உதவும் என்பதே அதன் சாரம். நம் பகுதியிலும் மிஷன் பள்ளிகள் பல அந்த மானியத்தால் வளர்ந்தன. ஆயினும் அது அரசு மனமுவந்து கொடுத்த சலுகையே. கொடுத்த கை என்றேனும் மூடிக்கொண்டால், ஏன் என்று கேட்க எந்தச் சட்டமும் இல்லை.

அரசியல் நிர்ணய சபையில்

1946-இல் அரசியல் நிர்ணய சபை அமைந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து அருட்தந்தை ஜெரோம் டிசூசா அதன் உறுப்பினரானார். அங்கியணிந்த குரு ஒருவர் நாட்டின் அடிப்படைச் சட்டத்தை எழுதும் அவையில் அமர்ந்தது பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். அது எளிதான காலமும் அன்று. நாடு இரண்டாகப் பிளந்தது, இரத்த ஆறு ஓடியது. சிறுபான்மை என்ற சொல்லே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட நாட்கள் அவை.

அந்த அவைக்கு முன் சிறுபான்மையினரைப் பற்றி இரண்டு வினாக்கள் இருந்தன. ஒன்று, சட்டமன்றங்களில் அவர்களுக்கெனத் தனி இடம் வேண்டுமா? மற்றொன்று, அவர்களுடைய சமயத்திற்கும் பள்ளிகளுக்கும் எத்தகைய பாதுகாப்பு வேண்டும்?

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன. கிறிஸ்தவர்களே வாக்களித்துக் கிறிஸ்தவரைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை தனித் தொகுதி முறையைக் கைவிட்டது. ஆனால், பொதுத் தொகுதியிலேயே சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடு தர இசைந்தது. 1949 மே மாதம் அந்த ஒதுக்கீட்டையும் நீக்கிவிடலாம் என்ற பரிந்துரை வந்தது. சர்தார் பட்டேல் தலைமையிலான ஆலோசனைக் குழு அதை முன்வைத்தது. அவையின் துணைத் தலைவராக இருந்த கிறிஸ்தவர் எச். சி. முகர்ஜி போன்றோர் அதை ஆதரித்தனர். அருட்தந்தை ஜெரோம் டிசூசாவும் எழுந்து ஆதரித்துப் பேசினார்.

நம் தோல் பகுதி மக்கள் அறிந்த மற்றொரு பெரியவரும் அதே அவையில் இருந்தார். அவர் காயிதே மில்லத் முகமது இஸ்மாயில். சென்னையில் தோல் வணிகத்தில் பெயர் பெற்றவர். அவர் ஒதுக்கீட்டை மட்டுமல்ல, தனித் தொகுதிகளையும் காக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அது தோற்றது. அவரும் தம் மக்கள் மீது கொண்ட அன்பினால்தான் அவ்வாறு வாதாடினார் என்பதை நாம் மறுக்கக் கூடாது. சட்டமன்றத்தில் நமக்காகப் பேச நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லையென்றால் நம் கதி என்ன என்ற அவரது கவலை பொய்யான கவலை அன்று. அந்தக் கவலை நம் மக்கள் பலருக்கும் இருந்தது. இடங்களை விட்டுக்கொடுத்த பின் சட்டமன்றங்களில் சிறுபான்மையினரின் குரல் குறைந்தது என்று வருந்துவோர் இன்றும் உண்டு.

அருட்தந்தை தேர்ந்துகொண்ட பாதை வேறு. தன் மக்களை மட்டும் பிரதிநிதித்துவப்படுத்தும் தனி இடம், அம்மக்களை நாட்டின் பொது வாழ்விலிருந்து பிரித்து வைக்கும் வேலியாகிவிடும் என்று கருதியவர்களோடு அவர் நின்றார். அரசியல் சலுகையை விட்டுவிடலாம். ஆனால் மனச்சான்றின் உரிமையையும், பிள்ளைகளுக்குக் கல்வி தரும் உரிமையையும் விட்டுவிட முடியாது. பதவியில் பங்கு கேளாமல், பணியில் பங்கு கேட்ட தேர்வு அது.

நான்கு கயிறுகள்

இனி இரண்டாவது வினா. அதற்கு அவை தந்த விடையே அரசியலமைப்பின் 25 முதல் 30 வரையிலான பிரிவுகள். இவற்றை எழுதியது ஒருவர் கை அன்று. பல குழுக்கள், பல சமயத்தவர், பல மாதங்கள் அமர்ந்து செதுக்கியவை. எனவே எல்லாப் புகழையும் நம் குருவுக்கே சூட்டுவது நேர்மையாகாது. ஆனால், அந்தச் சமநிலை உருவாகக் காரணமான நம்பிக்கைச் சூழலை ஏற்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

கல்விக்கூடங்களைப் பற்றிய அந்த விடையை நான்கு கயிறுகள் சேர்த்து முறுக்கிய வடம் எனலாம்.

முதற்கயிறு 28-ஆம் பிரிவின் தொடக்கம். முழுக்க முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை இருக்கக் கூடாது. 1948 டிசம்பரில் இதை விளக்கிய டாக்டர் அம்பேத்கர் கூறிய காரணங்கள் எளியவை. ஒரு சமயத்திற்காகப் பொதுமக்களிடம் வரி வாங்குவது நியாயமில்லை. இத்தனை சமயங்கள் உள்ள நாட்டில் எல்லாவற்றையும் ஒரே பள்ளியில் போதிக்க இயலாது. ஒன்றுக்கொன்று முரண்படும் போதனைகள் பள்ளியின் அமைதியைக் கெடுக்கும்.

இரண்டாம் கயிறு 30-ஆம் பிரிவு. சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராக உள்ளவர்கள் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு. அது மட்டுமல்ல, மானியம் வழங்கும்போது, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்பதற்காக அரசு பாகுபாடு காட்டக் கூடாது. 1854 முதல் சலுகையாக இருந்த ஒன்றை இனி ஓரவஞ்சனையின்றி வழங்க வேண்டும் என்று அரசியலமைப்பே கட்டளையிட்டது.

மூன்றாம் கயிறு 29-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி. அரசு நிதி பெறும் எந்தப் பள்ளியும் சமயம், இனம், சாதி, மொழி என்ற காரணத்திற்காக மட்டும் எவருக்கும் இடம் மறுக்கலாகாது. சிறுபான்மைப் பள்ளிகள் தம் மக்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம் என நீதிமன்றங்கள் பின்னர் விளக்கின. ஆனாலும் கதவைப் பிறருக்கு அடைத்துவிடலாம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

நான்காம் கயிறு 28-ஆம் பிரிவின் மூன்றாம் பகுதி. அரசின் அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில் பயிலும் எவரையும், அவரது இசைவின்றி, சிறுவர் என்றால் பெற்றோரின் இசைவின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறக் கட்டாயப்படுத்தக் கூடாது. பள்ளியை ஒட்டிய இடத்தில் நடக்கும் வழிபாட்டிற்கும் இது பொருந்தும்.

அன்று அலுவலகத்தில் மூச்சு வாங்க நின்ற தாய் கேட்டது இந்த நான்காம் கயிற்றைத்தான். அவருக்குப் பிரிவும் எண்ணும் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பள்ளியின் சுவரில் இரண்டாம் கயிற்றை நாம் பெருமையோடு எழுதி வைத்திருந்தோம். நான்காவதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சுவரா, கதவா?

இந்த ஏற்பாட்டின் தனித்தன்மை பிற நாடுகளோடு ஒப்பிட்டால்தான் புலப்படும். அமெரிக்காவில் அரசுக்கும் சமயத்திற்கும் இடையே சுவர் எழுப்பப்பட்டதாகச் சொல்வது வழக்கம். 1947-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தை அரசு பெற்றோருக்குத் திருப்பித் தரலாமா என்பதே வழக்கு. தரலாம் என்று ஐந்து நீதிபதிகளும், கூடாது என்று நான்கு நீதிபதிகளும் கூறினர். பேருந்துக் கட்டணத்திற்கே அவ்வளவு இழுபறி. நம் நாடோ அதே காலத்தில் ஆசிரியர் ஊதியத்திற்கே வழி திறந்து வைத்தது. சுவரை எழுப்பாமல் கதவை வைத்தது. ஆனால் கதவுக்கு நிபந்தனைகள் என்னும் நிலையையும் வைத்தது.

மறுபக்கம் இலங்கையைப் பார்ப்போம். அங்கும் ஆங்கிலேயர் காலம் முதல் மானியம் பெற்று வந்த கத்தோலிக்கப் பள்ளிகள் ஏராளம். 1960, 1961-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அவற்றுள் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. தனித்து நிற்க விரும்பிய சில பள்ளிகள் மானியமின்றித் தவிக்க நேர்ந்தது. எதிர்த்துப் பெற்றோர் பள்ளி வளாகங்களிலேயே தங்கிக் காவல் காத்தனர். நம் 30-ஆம் பிரிவு போன்ற பாதுகாப்பு அங்கே இல்லாததே இதற்கு வழிவிட்டது. கடலுக்கு அப்பால் நம் மொழி பேசும் மக்களுக்கு நேர்ந்ததை நினைத்தால், 1949-இல் காக்கப்பட்டது எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

இந்தியாவிலும் சோதனை வராமல் இல்லை. 1957-இல் கேரள அரசு கல்வி மசோதா கொண்டுவந்தது. தனியார் பள்ளி நிர்வாகிகள் ஆசிரியர்களை நடத்திய விதத்தில் குறைகள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே மாதம் நீதிமன்றம் தெளிவாகக் கூறியது: மானியம் வேண்டுமானால் நிர்வாக உரிமையை விட்டுவிடு என்று சிறுபான்மைப் பள்ளியிடம் அரசு பேரம் பேச முடியாது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் கூறியது: நிர்வகிக்கும் உரிமை, சீர்கெட நிர்வகிக்கும் உரிமை ஆகாது. இந்த இரண்டாம் கருத்தை நாம் முதலாவதைப் போல அடிக்கடி நினைவுகூர்வதில்லை.

உலக மேடையிலும் உரோமையிலும்

அருட்தந்தையின் வாழ்வு தில்லியோடு முடியவில்லை. 1949 முதல் 1957 வரையிலான ஆண்டுகளில் ஐக்கிய நாடுகளின் பொதுப் பேரவைக்குச் சென்ற இந்தியக் குழுக்களில் பலமுறை இடம்பெற்றார். இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டின் சார்பில் ஒரு கத்தோலிக்கக் குரு உலக அவையில் அமர்ந்ததே ஒரு சாட்சியம். 1951-இல் இந்திய சமூக நிறுவனத்தைத் தொடங்கினார். நிலமற்றவர், தொழிலாளர், ஒடுக்கப்பட்டோர் பற்றிய அறிவும் அக்கறையும் திருச்சபையில் வளர வேண்டும் என்பது அதன் நோக்கம். புனேயில் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் தில்லிக்கு மாறியது.

1957 முதல் சுமார் பத்து ஆண்டுகள் உரோமையில் இயேசு சபைத் தலைவரின் உதவியாளராகப் பணியாற்றினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்த காலம் அது. 1965 அக்டோபரில் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் பள்ளியை உண்மையான உரிமையோடு தேர்ந்தெடுக்கும் வகையில் பொது நிதி பகிரப்பட வேண்டும் என்று அது கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த சமய உரிமை பற்றிய அறிக்கை, சமயக் காரியத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று கற்பித்தது. இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு 30-ஆம் பிரிவிலும் 28-ஆம் பிரிவிலும் சொன்னதற்கு மிக நெருங்கியவை அவை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தன் நாட்டு அவையில் கேட்ட கருத்துகளை உரோமையில் மீண்டும் கேட்டபோது அந்தக் குரு மகிழ்ந்திருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

1977 ஆகஸ்டு 12-ஆம் நாள், எண்பது வயது நிறைந்த சில நாட்களில், அவர் இறைவனடி சேர்ந்தார். பிறந்து நூறு ஆண்டுகள் ஆனபோது, 1997-இல், இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. இன்று நம் இளைஞருள் பலர் அவர் பெயரைக் கேட்டதில்லை. அவர் காத்துத் தந்த நிழலில்தான் படிக்கிறார்கள்.

இன்று நம் முன் இருப்பது

அந்த நிழல் என்றும் நிலைத்திருக்கும் என்று நாம் இருந்துவிட முடியாது. 1974-இல் தூய சவேரியார் கல்லூரி வழக்கிலும், 2002-இல் பதினொரு நீதிபதிகள் அமர்ந்த டி. எம். ஏ. பாய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையின் எல்லையை அளந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்றனர். உரிமை என்பது ஒருமுறை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் பத்திரம் அன்று.

அதே வேளையில் நம் மாநிலத்தில் பொதுப்பணம் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளின் தட்டு வரை வருகிறது. காமராசர் காலத்து மதிய உணவு முதலே இந்த மரபு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 சூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்த உப்புமாவை உண்ணும் குழந்தை எந்தச் சமயம் என்று சமைப்பவர் கேட்பதில்லை. மானியத்தின் பொருளும் அதுவே. அது கோவிலுக்குக் கொடுத்த காணிக்கை அன்று, குழந்தைக்குக் கொடுத்த உணவு. நாம் பரிமாறுபவர்கள் மட்டுமே.

இப்படிப் பார்த்தால் முதலில் எழுந்த இரு கேள்விகளுக்கும் விடை கிடைக்கிறது. வரிப்பணம் சமயத்திற்குப் போகவில்லை, பிள்ளையின் கல்விக்குப் போகிறது. ஆகவே அதைத் தருவதில் தவறில்லை. பிள்ளையின் கல்விக்காகத் தருவதால், அது அவ்வாறே செலவாகிறதா என்று கேட்க அரசுக்கும் மக்களுக்கும் உரிமை உண்டு. ஆகவே கேட்பதிலும் தவறில்லை. நம் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடத்திற்குப் பணம் கைமாறுகிறது என்ற பேச்சு எங்கேனும் எழுந்தால், அதைச் சிறுபான்மையினர் மீதான தாக்குதல் என்று சொல்லி மூடிவிடக் கூடாது. தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு இடமில்லை என்றும், வசதியுள்ளவர் பிள்ளைக்கு இடம் உண்டு என்றும் நாம் நடந்துகொண்டால், 30-ஆம் பிரிவை வெளியார் யாரும் பறிக்க வேண்டியதில்லை. நாமே அதை அரித்துவிடுவோம்.

சீசரின் நாணயத்தைப் பற்றி நம் ஆண்டவரிடம் கேட்டவர்கள் அவரைச் சிக்க வைக்கவே கேட்டார்கள். நாணயத்தில் இருந்தது சீசரின் உருவம். குழந்தையின் நெஞ்சில் இருப்பதோ இறைவனின் உருவம். அந்த நெஞ்சைச் சீசரும் வற்புறுத்தக் கூடாது, தாளாளரும் வற்புறுத்தக் கூடாது.

மீண்டும் அந்தத் தாய்

அடுத்த கல்வியாண்டில் நம் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. மறைக்கல்வியிலும் திருப்பலியிலும் பிள்ளை பங்குபெறப் பெற்றோருக்கு இசைவு உண்டா, இல்லையா என்ற கேள்வி அது. அதைத் தமிழிலும் உருதுவிலும் அச்சிட்டோம். இல்லை என்போரின் பிள்ளைகளுக்கு அந்நேரத்தில் நன்னெறி வகுப்பும் நூலகமும் ஏற்பாடாயின. பள்ளியின் கத்தோலிக்கத் தன்மை போய்விடும் என்று ஆசிரியர்களுள் சிலர் அஞ்சினர். அந்த அச்சம் நமக்கும் இருந்தது. பெற்றோர் சிலர் உண்டு என்று கையெழுத்திட்டனர், சிலர் இல்லை என்று கையெழுத்திட்டனர். கோவில் மணி வழக்கம்போல் அடித்தது. நம் பிள்ளைகள் முன்னைவிடக் கவனமாகச் செபித்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகிவிடும். ஆனால் வந்தவர்கள் விரும்பி வந்தார்கள்.

நாம் அந்தத் தாயைப் பள்ளிக்கு அழைத்து, முன்பு சொன்ன பதில் தவறு என்று கூறினோம். அவர் படிவத்தில் இல்லை என்ற இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுவிட்டார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு வரை நம் பள்ளியிலேயே படித்தாள்.

அன்பானவர்களே, அருட்தந்தை ஜெரோம் டிசூசா நமக்கு விட்டுச்சென்றது உரிமை மட்டுமல்ல. விட்டுக்கொடுக்க வேண்டியது எது, விடக் கூடாதது எது என்று பிரித்தறியும் மனத்தையும் விட்டுச்சென்றார். தாளாளர்கள், தலைமையாசிரியர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள் அனைவரும் இந்த ஆண்டு தம் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அதில் அந்தக் கேள்வி இருக்கிறதா? இருந்தால், அதைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்கிறோமா? நான்கு கயிறுகளையும் சேர்த்தே பற்றிக்கொள்ளும் உறுதியை இறைவன் நமக்குத் தர, அந்த நல்ல குருவை நினைந்து மன்றாடுவோம்.